அத்தியாயம் 5: வேலையே வாத்தியார்

மல்லிகையை மொட்டாக, பொழுது விடியும் வேளையில் பறித்துவிட வேண்டும். மாலையில் அது தானாக விரியும். வெயில் ஏறிய பிறகு பறித்தால் சீக்கிரம் வாடும், சந்தையில் விலை போகாது. அதனால் திருச்சிக்கு மேற்கே எட்டரை, கோப்பு, போசம்பட்டி பக்கத்துத் தோட்டங்களில் ஆட்கள் இருட்டிலேயே இறங்கிவிடுகிறார்கள். ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தை, ஊர் காப்பி குடிப்பதற்கு முன்பே சுறுசுறுப்பாகிவிடும். அங்கே கூடை இறக்குகிறவர்களில் யாரும் அதிகாலையில் எழும் கலையைப் பற்றிப் புத்தகம் படித்து எழுந்தவர்கள் இல்லை. பூவுக்கு நேரம் இருக்கிறது, அதனால் அவர்களுக்கும் இருக்கிறது.

ஒழுங்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மனசிலிருந்து தொடங்குகிறார்கள். முதலில் உறுதி வேண்டும், அப்புறம் பழக்கம், அப்புறம் வேலை என்று வரிசை போடுவார்கள். இந்த வரிசை தலைகீழ் என்பது என் கட்சி. மன உறுதி மாதச் சம்பளம் மாதிரி, முதல் வாரத்தில் தாராளமாக இருக்கும், கடைசி வாரத்தில் தேட வேண்டும். அதை நம்பித் திட்டம் போடுவதைவிட, ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஒரு வேலையைச் சரியாக அமைத்துக்கொள்வது லேசு. நேரமும் அளவும் உள்ள வேலை, தவறு கண்ணுக்குத் தெரியும் வேலை, செய்யாவிட்டால் கேட்பதற்கு ஒருவர் இருக்கும் வேலை, உங்களைக் கேட்காமலேயே உங்களைத் திருத்தும். திருச்சியும் ஸ்ரீரங்கமும் இதற்கு நல்ல பள்ளிக்கூடங்கள். ஒரு பக்கம் ஆயிரம் வருஷ வழக்கத்தை இன்றைக்கும் நடத்திக்கொண்டிருக்கும் கோயில். இன்னொரு பக்கம் பொன்மலை, திருவெறும்பூர்த் தொழிற்சாலைகள்.

இரவே நனைத்து வையுங்கள்

பூ கட்டுகிறவரிடம் உட்கார்ந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது விரல் வேகம். ஆனால் வேகத்தின் காரணம் விரலில் இல்லை, பக்கத்தில் நனைந்து கிடக்கும் வாழைநாரில் இருக்கிறது. காய்ந்த நார் முறுக்கும்போது ஒடியும், இல்லையென்றால் பூவின் காம்பை அறுக்கும். நனைந்த நார் சொன்னபடி வளையும். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நாரை ஒரு சுற்று சுற்றி இழுத்தால் ஒரு கண்ணி முடிந்தது. இறுக்கிக் கட்டினால் காம்பு அறுந்து பூ உதிரும். தளர்த்திக் கட்டினால் கூந்தலில் வைக்கும்போதே உதிரும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இறுக்கத்தை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. நார் பதமாக இருந்தால் கை அதைத் தானே கண்டுபிடிக்கும்.

உங்கள் வேலைக்கும் ஒரு நார் இருக்கிறது. தையல்காரருக்கு முந்தின இரவே நூல் சுற்றி வைத்த பாபின். டிபன் கடைக்கு ஊறப்போட்ட அரிசி, உளுந்து. கணக்கு எழுதுகிறவருக்கு தேதி வாரியாக அடுக்கின பில்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவருக்கு மேஜையில் நாளைய பக்கத்தில் திறந்து கிடக்கும் புத்தகம். காலையில் உட்கார்ந்ததும் பேனா தேடி, சார்ஜர் தேடி, எங்கே விட்டோம் என்று தேடி அரை மணி போகிறது. அந்த அரை மணியில்தான் போன் கைக்கு வருகிறது. பிறகு சோம்பேறித்தனம் என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். பல சமயம் அது சோம்பேறித்தனமே இல்லை, நனைக்காத நார்.

எனவே இந்த அத்தியாயத்தின் முதல் பயிற்சி சின்னது. நாளைக்குச் செய்யப்போகும் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டிய பொருள் அத்தனையும் இன்றிரவு அதன் இடத்தில் இருக்கட்டும். வேலையை இன்றிரவு தொடங்க வேண்டாம். எடுத்து வைத்தால் போதும்.

முறைக்காரர்

ஸ்ரீரங்கத்தில் பூவையும் நேரத்தையும் பற்றிப் பேசினால் தொண்டரடிப்பொடியாழ்வாரை விட்டுவிட்டுப் பேச முடியாது. திருமண்டங்குடியில் பிறந்த விப்ரநாராயணர், அரங்கனுக்கு நந்தவனம் வைத்து, பூப்பறித்து, மாலை கட்டிக் கொடுப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர். சிலையில் அவர் கையில் இருப்பது பூக்குடலை. அவர் பாடியவை இரண்டே நூல்கள்: 45 பாசுரங்கள் கொண்ட திருமாலை, 10 பாசுரங்கள் கொண்ட திருப்பள்ளியெழுச்சி. இரண்டாவது, விடியற்காலையில் பெருமாளைத் துயிலெழுப்பும் பாட்டு. விடியலை அப்படிப் பாட, தினமும் விடியலில் தோட்டத்தில் நின்றிருக்க வேண்டும். பூப்பறிக்கும் வேலை அவருக்குப் பாட்டுக்கும் பாடமாக இருந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவரைப் பற்றி வைணவ மரபில் ஒரு கதை உண்டு. திருமங்கையாழ்வார் மதில் கட்டிக்கொண்டு வந்தபோது இந்த நந்தவனம் குறுக்கே நின்றதாம். தோட்டத்தை இடிக்காமல் மதிலை ஒதுக்கிக் கட்டினாராம். அதற்கு நன்றியாகத் தொண்டரடிப்பொடியார் தாம் பூக்கொய்யும் ஆயுதத்துக்கு, திருமங்கையாரின் பெயரான ‘அருள்மாரி’யைச் சூட்டினாராம். கருவிக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு அதனோடு பழகியவர் என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். உங்கள் அரிவாள்மணையோ, அளவு டேப்போ, பழைய ஸ்கூட்டரோ, அதைத் துடைத்து வைக்கிறீர்களா என்பதை வைத்தே உங்கள் வேலையைப் பாதி சொல்லிவிடலாம்.

ஆனால் ஆழ்வார் தனி மனிதர். எல்லோருக்கும் அந்தப் பித்து வராது, வரவேண்டிய அவசியமும் இல்லை. கோயில் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறது. கோயிலொழுகு என்ற வரலாற்று ஏடு, உடையவர் எனப்படும் ராமானுஜர் கோயில் ஊழியங்களை வகுத்துக் கொத்துகளாகப் பிரித்து, யார் எதைச் செய்வது என்று திட்டம் செய்ததைச் சொல்கிறது. இன்றைக்கும் ‘உடையவர் திட்டம்’ என்ற பேச்சு ஸ்ரீரங்கத்தில் உண்டு. இன்ன ஊழியம் இன்னாருடையது, இன்று முறை இவருடையது. விடியற்காலையில் யானை மேல் தீர்த்தம் வருகிறது. ஐப்பசியில் காவிரி அம்மா மண்டபத்திலிருந்து, மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து. ஆறு மாறும், ஆள் மாறும், தீர்த்தம் நிற்காது. கொண்டு வருகிறவருக்கு அன்றைக்கு மனசு நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. முறை அவருடையது, அவ்வளவுதான்.

வீட்டில் இதைச் செய்து பாருங்கள். ‘யாராவது’ செய்ய வேண்டிய வேலைகள்தான் வீடுகளில் சண்டைக்குக் காரணம். தண்ணீர் பிடிப்பது, பாத்திரம் கழுவுவது, அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது, கேஸ் புக் பண்ணுவது. கிழமைக்கு ஒருவர் என்று முறை எழுதிச் சமையலறைக் காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். ஆண்பிள்ளைகள் பெயர் அதில் இருக்க வேண்டும் என்று நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லி வைக்கிறேன். அலுவலகத்திலும் இதே கதைதான். ‘டீம் பார்த்துக்கும்’ என்று விடப்பட்ட வேலை பெரும்பாலும் முடங்கிக் கிடக்கும். ‘வியாழக்கிழமை முறை கண்ணனுடையது’ என்று ஒரு பெயர் விழுந்ததும் நகர ஆரம்பிக்கும்.

பத்து மைல்

1930 ஏப்ரல் 13 அன்று, தமிழ்ப் புத்தாண்டு நாளில், திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு உப்புச் சத்தியாகிரகத்துக்காக வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார். ராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர். தூரம் சுமார் 150 மைல். 28-ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். கணக்குப் போட்டால் நாளுக்கு ஏறக்குறைய பத்து மைல். காந்தி தண்டிக்கு நடந்த சுமார் 240 மைலும் கிட்டத்தட்ட இதே வீதம்தான். சித்திரை வெயிலில், தஞ்சைக் கலெக்டர் தார்ன் வழியில் சோறு போடுகிறவர்களுக்குத் தண்டனை என்று மிரட்டிய நேரத்தில், வேகமாக ஓடிப் போய்ச் சேரத்தான் யாருக்கும் தோன்றும். அவர்கள் நாளின் அளவை வைத்துக்கொண்டு நடந்தார்கள்.

அளவு என்பது உங்கள் நல்ல நாளில் முடிகிற அளவாக இருக்கக் கூடாது. காய்ச்சல் விட்ட மறுநாளும் முடிகிற அளவாக இருக்க வேண்டும். தினம் முப்பது பக்கம் படிப்பேன் என்று தொடங்குகிறவர் பத்தாம் நாள் புத்தகத்தைக் கண்டாலே ஒதுங்குகிறார். ஆறு பக்கம் என்று வைத்தவர் வருஷக் கடைசியில் இரண்டாயிரம் பக்கம் தாண்டியிருப்பார்.

கணக்கையும் அப்போதைக்கப்போது முடியுங்கள். மத்திய பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வயசான கண்டக்டர் யாராவது பழக்கமென்றால் கேளுங்கள். கையில் டிக்கெட் கட்டு வைத்திருந்த காலத்தில் ஒவ்வொரு ஸ்டேஜிலும் டிக்கெட் நம்பரை வே-பில்லில் எழுதியாக வேண்டும். டிப்போவில் போய்ச் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தால், நடுவழியில் செக்கிங் ஏறினால் மாட்டிக்கொள்வார். நாளின் செலவை ராத்திரி யோசித்து எழுதாமல் கடையை விட்டு இறங்கும்போதே எழுதுவது, வாடிக்கையாளர் சொன்னதை அவர் போன பத்து நிமிஷத்துக்குள் குறித்து வைப்பது எல்லாம் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் முடிக்கிற வேலைதான்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது

திருவெறும்பூர் அரசு ஐ.டி.ஐ.யிலோ வேறு எந்த ஐ.டி.ஐ.யிலோ ஃபிட்டர் பிரிவில் சேரும் பையன், முதல் வாரமே பெரிய மெஷினைத் தொடுவோம் என்று நினைத்துப் போவான். அவன் கையில் கிடைப்பது ஒரு அரமும் ஒரு இரும்புத் துண்டும். அந்தத் துண்டுக்கு அங்கே ‘ஜாப்’ என்று பெயர். வைஸில் ஜாப்பைப் பிடித்து, நின்றபடி அராவ வேண்டும். நாள் கணக்கில் அதுதான் வேலை. தோள் வலிக்கும், உள்ளங்கை காய்த்துப்போகும். இரண்டு வருஷப் படிப்பில் பலருக்கு வெறுத்துப்போவது இந்தக் கட்டத்தில்தான். எதற்காக இது? எந்தத் தொழிற்சாலையும் இன்றைக்குக் கையால் அராவிப் பரப்பைச் சமப்படுத்துவதில்லையே?

அவன் சமப்படுத்துவது இரும்பை மட்டுமில்லை என்று இந்த இடத்தில் தத்துவம் பேசலாம். நான் பேசப்போவதில்லை. நிஜக் காரணம் இன்னும் சுவாரஸ்யமானது. அரத்தைத் தள்ளும்போது கை தன்னையறியாமல் ஏறி இறங்கும். முன்னால் போகும்போது முன்பக்கம் சாயும், பின்னால் வரும்போது பின்பக்கம் சாயும். விளைவு, துண்டின் இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் மேடு நிற்கும். கண்ணுக்கு அது தெரியாது. தடவிப் பார்த்தால் வழவழப்பாகவே இருக்கும். பையன் முடித்துவிட்டதாக நினைப்பான். அப்போது வாத்தியார் மூலைமட்டத்தின் தகட்டை அந்தப் பரப்பின் மேல் வைத்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்கச் சொல்வார். தகட்டுக்கும் இரும்புக்கும் நடுவே ஓரங்களில் வெளிச்சம் கீற்றாகத் தெரியும். விவாதத்துக்கு இடமில்லை. வாத்தியார் கோபிக்கவும் வேண்டியதில்லை. வெளிச்சமே சொல்லிவிட்டது.

இந்தப் பயிற்சியின் பலன் மூன்றாவது, நான்காவது வாரத்தில் தெரியும். மூலைமட்டம் வைக்கும் முன்பே எந்த இடத்தில் மேடு நிற்கிறது என்று அவன் கை சொல்லத் தொடங்கும். அரத்தின் சத்தம் மாறுவது காதில் விழும். பற்களுக்கு நடுவே இரும்புத் தூள் அடைத்துக்கொண்டால் பரப்பில் கீறல் விழும், அதனால் பிரஷ்ஷால் அரத்தைச் சுத்தம் செய்துகொண்டே வேலை செய்வான். பிறகுதான் வெர்னியர் காலிப்பர் கைக்கு வரும், 0.02 மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் காட்டுவது. மேட்டைத் தன் கையாலேயே உணரக் கற்றவனுக்கு அந்த எண் புரியும். நேராக எண்ணில் தொடங்கியவனுக்கு அது வெறும் எண்.

இதே பாடம் திருவெறும்பூர் பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலையில் வேறு உருவத்தில் நடக்கிறது. 1960-களில் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு தொடங்கிய உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை அது. கொதிகலன் குழாய்களில் உள்ள வெல்டிங் இணைப்பு வெளியே மீன் செதில் மாதிரி அழகாக வரிவரியாக இருக்கும். உள்ளே ஒரு காற்றுக்குமிழி இருந்தால், நீராவி அழுத்தத்தில் அந்த இடம் பலவீனம். அதனால் எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கிறார்கள். இந்திய கொதிகலன் விதிகளின்படி தேர்வில் தேறிய வெல்டர்தான் அந்த இணைப்பைப் போடலாம். எந்த இணைப்பு யார் போட்டது என்பதற்கு அவருடைய அடையாள எண் பதிவாகியிருக்கும். நல்ல வெல்டர்கள் அந்த எண்ணுக்குப் பயப்படுவதில்லை, பெருமைப்படுகிறார்கள். இந்த ஆலையைச் சுற்றித்தான் துவாக்குடி, திருவெறும்பூர்ப் பக்கம் அத்தனை ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வளர்ந்தன. வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையமும் 1975-ல் இங்கே வந்தது.

உங்கள் வேலைக்கு எது மூலைமட்டம் என்று கண்டுபிடிப்பது இந்த அத்தியாயத்தில் கடினமான பயிற்சி. என்.எஸ்.பி. ரோட்டு ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு, விற்ற புடவை எத்தனை என்பது சரியான அளவு இல்லை. அது முகூர்த்த மாசத்தைப் பொறுத்தது. விரித்த புடவையை மறுபடி பழைய மடிப்பிலேயே மடித்து வைக்க எவ்வளவு நேரம் ஆகிறது, அதே வாடிக்கையாளர் திரும்ப வந்து தன்னைத் தேடுகிறாரா என்பது அளவு. ஆசிரியருக்கு, தான் நன்றாகப் பாடம் நடத்தினோமா என்பது அளவு இல்லை. கடைசி பெஞ்ச் பையன் அடுத்த நாள் அதே கணக்கைக் கரும்பலகையில் போடுகிறானா என்பது அளவு. உங்கள் அபிப்பிராயம் கலக்காத ஒன்றைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு மனிதரைத் தேடுங்கள். உங்களைவிடத் தொழில் தெரிந்தவர், முகத்துக்காகப் பேசாதவர். வாரத்துக்கு ஒரு முறை ஒரே ஒரு ஜாப்பை அவரிடம் காட்டுங்கள். “அண்ணே, இதுல எங்க மேடு இருக்கு?” என்று மட்டும் கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

சங்கு இரண்டு தடவை ஊதும்

ஒழுங்கு என்ற பெயரில் முதலாளிகள் விற்பது வேறு சரக்கு. அதையும் சொல்லிவிட வேண்டும். பொன்மலை ரயில்வே பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து இடம் மாறி 1928-லிருந்து இங்கே நடக்கிறது. ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜினே செய்து கொடுத்த கைகள் அங்கே உண்டு. அவ்வளவு நுட்பமான வேலைக்காரர்கள்தான் சங்கமும் வைத்தார்கள், உரிமையும் கேட்டார்கள். 1946 செப்டம்பர் 5 அன்று அங்கே நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். நேரத்துக்கு வேலைக்குப் போகிறவனுக்கு நேரத்துக்கு வீட்டுக்குப் போகவும் உரிமை உண்டு. தொடங்கச் சங்கு ஊதினால் முடிக்கவும் ஊதியாக வேண்டும். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எல்லை போட்டது சும்மா கிடைத்த சலுகை அல்ல.

பூ கட்டுகிற பெண்களையும் இங்கே நினைக்க வேண்டும். கட்டின அளவுக்குத்தான் கூலி. முகூர்த்த நாளில் ராத்திரி முழுக்கக் கட்டினாலும் முதுகுவலிக்கு அதில் தனியாக எதுவும் இல்லை. அவர்களின் ஒழுங்கில் குறை ஒன்றும் இல்லை, கூலியில்தான் குறை. எனவே உங்கள் வேலையில் நிம்மதி இல்லையென்றால் முதலில் பிரித்துப் பாருங்கள்: மேடு உங்கள் கையில் இருக்கிறதா, சம்பளப் பட்டியலில் இருக்கிறதா? இரண்டாவதென்றால் இன்னும் சீக்கிரம் எழுந்திருப்பது மருந்தாகாது. சங்கம், பேச்சுவார்த்தை, வேறு இடத்தில் விண்ணப்பம் என்று அதற்கு வேறு மருந்து இருக்கிறது. அதைப் பற்றி இந்தப் புத்தகத்தின் கடைசிப் பகுதி பேசும்.

சொந்தத் தொழில் செய்கிறவர்களும் மூடும் நேரம் ஒன்றை எழுதி வையுங்கள். மூடும் நேரம் இல்லாத கடையில் திறக்கும் நேரமும் கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும்.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், ஒரு மழை போதும். முப்பது நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று நம்பி, பதினெட்டாம் நாள் விட்டதும் எல்லாம் போயிற்று என்று எறிந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

அத்தனை ஒழுங்குள்ள ஸ்ரீரங்கத்திலேயே ஒரு தடவை பழைய வழக்கம் ஏறக்குறைய நாற்பத்தெட்டு வருஷம் விட்டுப்போனது. 1323-ல் டில்லிப் படையெடுப்பின்போது உற்சவரை எடுத்துக்கொண்டு புறப்பட்டவர்கள், ஊர் ஊராகக் காத்து, கடைசியில் திருமலையில் வைத்திருந்தார்கள். விஜயநகரத் தளபதி கோபணாரியர் செஞ்சிப் பக்கம் சிங்கவரம் வழியாக 1371-ல் ஸ்ரீரங்கத்துக்கு எழுந்தருளச் செய்தார். அதற்குள் கோயிலில் வேறொரு உற்சவ மூர்த்தி வழிபாட்டில் இருந்தார். இரண்டில் எது பழையது என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. ஒரு தலைமுறையே போய்விட்டது. கோயில் மரபு சொல்வது இது: பெருமாளின் ஆடைகளை வெளுத்த வண்ணார் ஒருவர், பார்வை போன கிழவர், மிஞ்சியிருந்தார். இரண்டு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர ஆடையிலிருந்து பிழிந்த தீர்த்தத்தை அவரிடம் கொடுத்தார்கள். அவர் அதை வைத்தே, திருமலையிலிருந்து வந்தவரை நம்பெருமாள் என்று அடையாளம் சொன்னார். அந்தப் பெயரே இன்றுவரை நிலைத்தது.

பண்டிதர்களுக்குத் தெரியாதது துணி துவைத்தவருக்குத் தெரிந்திருந்தது. கண் போன பிறகும், அரை நூற்றாண்டு இடைவெளிக்குப் பிறகும் தெரிந்திருந்தது. கதையைச் சரித்திரமாகக் கொள்வதும் கொள்ளாததும் உங்கள் விருப்பம். தினமும் செய்த வேலை உடம்பில் எவ்வளவு ஆழத்தில் இறங்கும் என்பதில், பத்து வருஷம் தொடாத சைக்கிளை எடுத்து ஓட்டிய யாருக்கும் சந்தேகம் இருக்காது.

ஆகவே விட்டபின் திரும்பத் தொடங்கும்போது மூன்று காரியங்களைக் கவனித்தால் போதும். விட்ட நாட்களின் பாக்கியைச் சேர்த்துச் செய்ய வேண்டாம். அந்தப் பாக்கி தள்ளுபடி. முதல் நான்கு நாளைக்குப் பாதி அளவு வைத்துக்கொள்ளுங்கள், ஆறு பக்கம் என்றால் மூன்று. நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள்: காலை ஐந்தரை என்றால் மூன்று பக்கமானாலும் ஐந்தரைக்கே. ஐந்தாம் நாள் பழைய அளவுக்கு வந்துவிட்டு, அந்த வார ஜாப்பை உங்கள் அண்ணனிடம் எடுத்துப் போய் மேடு எங்கே என்று கேளுங்கள்.